வெற்று ஆசனமும் கூலிப் பயணியும்
கூட்டுக் கார்ப் பயணத்தின் சூழல், சமூக விளைவுகள் பற்றிய ஒரு நோக்கு

நகர வீதிகளிலே காலையிலும் மாலையிலும் ஓடும் கார்களைக் கணக்கெடுப்போர் பெரும்பாலும் கார்களின் தொகையையே எண்ணுகின்றனர். அவற்றினுள்ளே ஆளின்றிச் செல்லும் ஆசனங்களை எண்ணுவோர் மிகச் சிலர். ஐவர் அமரக்கூடிய காரிலே ஒருவர் மட்டும் அமர்ந்து தொழிலுக்குச் செல்வது இன்று உலகின் பல நகரங்களில் இயல்பான நிகழ்ச்சியாகிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டில் வேலைக்குச் சென்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர் தனியாகவே காரோட்டிச் சென்றனர். இவ்வெற்று ஆசனங்களை அயலவராலும் சக ஊழியராலும் நிரப்புமாறு மக்களைத் தூண்டுவதே கூட்டுக் கார்ப் பயணக் கொள்கையின் சாரமாகும்.

இக்கொள்கையின் கவர்ச்சி அதன் எளிமையிலே தங்கியுள்ளது. புதிய வீதி அமைக்க வேண்டியதில்லை. புதிய பொறி எதனையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. திறைசேரியிலிருந்து பெருந்தொகை செலவிட வேண்டியதுமில்லை. இருப்பதைப் பகிர்ந்துகொண்டால் போதும் எனப்படுகின்றது. ஆனால் பகிர்வோர் யாவர், எந்நிலையில் நின்று பகிர்கின்றனர் என்ற வினாவைக் கொள்கை வகுப்போர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஒருவரது காரில் இன்னொருவர் ஏறி அமர்வது ஒரு சமூக உறவு. அவ்வுறவு எத்தகைய சமுதாயத்தில் நிகழ்கின்றது என்பதைப் பொறுத்தே அதன் விளைவுகளும் அமைகின்றன. இந்தோனேசியத் தலைநகரான ஜகார்த்தாவில் 1992 முதல் 2016 வரை நடைமுறையிலிருந்த ஒரு விதியை முதன்மை ஆதாரமாகக் கொண்டு இதனை விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது. ஜகார்த்தாவுக்குச் செல்லுமுன் இக்கொள்கை பிறந்த இடத்தையும் அதன் கணக்கையும் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும்.

கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரே அயலில் வாழும் நால்வர், தத்தம் வீட்டிலிருந்து 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒரே இடத்துக்கு நாள்தோறும் தனித்தனிக் கார்களிற் சென்று மீள்கின்றனர் என வைத்துக்கொள்வோம். நகர நெரிசலில் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் கார் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் பெற்றோல் வேண்டும்; நான்குக்கும் 12 லீற்றர். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகின்றது. எனவே நால்வரும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 28 கிலோகிராமை வளியிற் சேர்க்கின்றனர். அவர்கள் ஒரே காரிற் சென்றால், ஒருவரையொருவர் ஏற்றிக்கொள்வதற்கான சுற்றுவழியையும் கூடுதற் பாரத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், 3.5 லீற்றர் போதும். வெளியாகும் வாயு 8 கிலோகிராமளவிற்குக் குறைந்துவிடும். மூன்று கார்கள் வீதியிலிருந்து நீங்குகின்றன. மூன்று தரிப்பிடங்கள் மிஞ்சுகின்றன. பிரசாரத் துண்டுப்பிரசுரங்கள் எடுத்துக்காட்டும் கணக்கு இதுவே. இதிற் பிழையேதுமில்லை.

ஆயின் அதே நால்வருள் மூவர் முன்னர் பஸ்ஸிற் சென்றவர்களாயின் நிலைமை யாது? அவர்கள் ஏறாவிட்டாலும் அந்த பஸ் ஓடத்தான் போகின்றது. முன்னர் 3 லீற்றர் எரித்த ஒரே கார் இப்போது 3.5 லீற்றர் எரிக்கின்றது. சேமிப்பு எதுவும் இல்லை. சிறிதளவு நட்டமே எஞ்சுகின்றது. பஸ் சேவையோ மூன்று பயணிகளின் கட்டணத்தை இழக்கின்றது. இத்தகைய இழப்புப் பெருகினால் சேவைகள் குறைக்கப்படும். காரும் இல்லாத, காரில் ஏற்றிச் செல்வாரும் இல்லாத எஞ்சிய பயணிகளே அதன் சுமையைத் தாங்க நேரிடும். ஆகவே கூட்டுப் பயணத்தின் சூழற்பயனை அளவிடுவோர் காரினுள் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதோடு, அவர்கள் எதிலிருந்து இறங்கி இக்காரில் ஏறினர் என்பதையும் கேட்டாக வேண்டும்.

வேறு இரு தடைகளும் உள. கார் புறப்பட்ட முதற் சில நிமிடங்களில், புகைக்குழாயிலுள்ள ஊக்கி மாற்றி போதிய வெப்பமடையாதிருப்பதால், நச்சு வாயுக்கள் மிகுதியாக வெளியேறுகின்றன. ஒவ்வொருவரும் தத்தம் காரில் ஒரு சந்திப்பிடத்துக்கு வந்து, அங்கிருந்து ஒரே காரிற் செல்வதாயின் எரிபொருள் மிஞ்சும். ஆனால் இந்தத் தொடக்க நேரப் புகை குறையமாட்டாது. மற்றையது இதனினும் பாரதூரமானது. நெரிசல் வேளையில் வீதியிலே உண்டாகும் வெற்றிடம் வெற்றிடமாக நிலைப்பதில்லை. வேறு நேரத்திலோ வேறு வழியிலோ சென்றவர்கள் அவ்விடத்தை நாடி வருவர். அன்ரனி டௌன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1962இலேயே இதனை ஒரு விதியாக எடுத்துரைத்தார். எனவே தனிப்பட்டோர் சேமித்த எரிபொருளின் கூட்டுத்தொகையும் நகரம் சேமித்த எரிபொருளும் ஒன்றல்ல.

இக்கொள்கையின் பிறப்பு வரலாறு கீழைத்தேய வாசகருக்குச் சுவையான செய்தியொன்றைக் கொண்டுள்ளது. அமெரிக்க அரசு தன் மக்களைக் கூட்டாகக் காரிற் செல்லுமாறு முதன்முதலாகப் பேரளவில் வற்புறுத்தியது இரண்டாம் உலகப் போரின்போதாகும். அப்போது அந்நாட்டைப் பெரிதும் வாட்டியது பெற்றோற் பஞ்சத்திலும் பார்க்க இறப்பர்ப் பஞ்சமே. 1942இன் முற்பகுதியில் மலாயாவும் ஒல்லாந்த கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாயின. உலகின் இயற்கை இறப்பரின் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போயிற்று. நேச நாடுகளுக்கு எஞ்சிய முக்கிய இயற்கை இறப்பர்க் களமாக இலங்கை விளங்கியமையும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1942 டிசம்பரில் அமெரிக்கா முழுவதும் பெற்றோல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. ரயர்கள் தேயாதிருத்தல் அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. தனியாகக் காரோட்டுபவன் ஹிட்லரையே அருகில் இருத்திக்கொண்டு செல்கின்றான் எனப் பொருள்படும் சுவரொட்டி 1943இல் வெளியாயிற்று. யாவாவின் வீழ்ச்சியின் எதிரொலி அமெரிக்கத் தொழிலாளியின் காரினுள்ளே கேட்டது எனலாம். அரை நூற்றாண்டின் பின் அதே யாவாவின் தலைநகரம் அக்கொள்கையைத் தானே கைக்கொள்ள நேர்ந்தது.

போர் முடிந்ததும் அமெரிக்கர் தனிக் காருக்கே மீண்டனர். 1973 அக்டோபரில் அரபு எண்ணெய் உற்பத்தி நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை கூட்டுப் பயணத்துக்கு மறுவாழ்வளித்தது. 1974 ஜனவரியில் நிறைவேறிய சட்டமொன்று கூட்டுப் பயணப் பரிசோதனைத் திட்டங்களுக்கு மத்திய அரசின் நிதியை ஒதுக்கியது. வோஷிங்டன் நகருக்குச் செல்லும் ஷேர்லி நெடுஞ்சாலையில் பஸ்களுக்கென 1969இல் திறக்கப்பட்ட தனிப்பாதை, 1973 டிசம்பரில் நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ செல்லும் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பயனாக விநோதமானதொரு வழக்கம் தோன்றிற்று. ஆட்போதாத காரோட்டிகள் பஸ் தரிப்பிடங்களிற் காத்து நின்றோரை ஏற்றிக்கொள்ளத் தொடங்கினர். முன்பின் அறியாதோர் வரிசையில் நின்று, வந்த காரில் ஏறி, பணம் கொடாமலே நகரை அடைந்தனர். இவர்களுக்கு ‘ஸ்லக்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. பஸ்ஸின் உண்டியலில் இடப்படும் போலி நாணயத்துக்கு அப்பெயருண்டு; தரிப்பிடத்தில் நின்றும் பஸ்ஸில் ஏறாத போலிப் பயணிகள் என்ற கருத்தில் பஸ் சாரதிகள் இட்ட பெயர் அது என்று சொல்லப்படுகின்றது. காரோட்டி பேச்சைத் தொடங்கினாலன்றி ஏறியவர் பேசுவதில்லை. பணம் பற்றிய பேச்சே இல்லை. வரிசையில் ஒரு பெண்ணைத் தனியே விட்டுச் செல்வதில்லை. எவரும் எழுதி விதிக்காத இவ்வொழுக்கங்கள் பல தசாப்தங்கள் நிலைத்தன.

இது அமெரிக்கரின் பரஸ்பர நம்பிக்கைக்குச் சான்றாகப் போற்றப்படுவதுண்டு. அப்போற்றுதலை நாம் சற்று நிதானத்துடனேயே ஏற்றல் வேண்டும். ஏற்றியவரும் ஏறியவரும் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தர் அல்லது படைத்துறை அலுவலர்; ஒரே புறநகரில் வாழ்வோர்; பென்டகன் போன்ற ஒரே அலுவலகத்துக்கு ஒரே நேரத்திற் செல்வோர். இன்று ஏறியவர் நாளை ஏற்றுபவராகலாம். அந்தஸ்தில் ஏறத்தாழச் சமமானோர் ஒருவர் நேரத்தை ஒருவர் மிச்சப்படுத்திக் கொடுத்தனர். நம்பிக்கை அங்கே வானிலிருந்து விழவில்லை. வேலை நிலையிலும் வாழ்க்கை நிலையிலும் இருந்த ஒப்புமையே அதனை விளைவித்தது. சன் பிரான்சிஸ்கோவில் விரிகுடாப் பாலத்தைக் கடக்கும் கார்களிடையேயும் இத்தகைய வழக்கம் வளர்ந்தது. அங்கு ஏறியோரிற் பெரும்பாலோர் மற்றபடி பஸ்ஸிலோ ரயிலிலோ சென்றிருக்கக்கூடியவர்களே என ஆய்வுகள் காட்டியுள்ளன. மேற்கூறிய இரண்டாவது கணக்கு வெறும் கற்பனையன்று என்பதை இது புலப்படுத்தும்.

அமெரிக்காவின் மொத்த அனுபவம் உற்சாகமளிப்பதாயில்லை. 1980இல் வேலைக்குச் செல்வோருள் ஏறத்தாழ 20 வீதத்தினர் கூட்டாகச் சென்றனர். 2000இல் அது 12 வீதமாகவும் 2019இல் 9 வீதமளவிற்கும் வீழ்ந்தது. அந்த 9 வீதத்திலும் பெரும்பகுதி ஒரே குடும்பத்தினர் ஒரே காரிற் செல்வதேயாகும். எரிபொருளின் மெய்விலை குறைந்தமை, வீட்டுக்கு வீடு கார்கள் பெருகியமை, தொழிலிடங்கள் நகர மையத்திலிருந்து சிதறியமை முதலிய காரணங்களை ஆய்வாளர் கூறுவர். பெண்கள் பெருந்தொகையாகத் தொழிலுக்குச் சென்ற பின்னரும் பிள்ளைகளைப் பாடசாலையில் விடுதல், சந்தைக்குச் செல்லுதல் போன்ற பொறுப்புகள் அவர்கள் மீதே சுமத்தப்பட்டிருந்தமையும் ஒரு காரணம். வழியில் மூன்று இடங்களில் இறங்கி ஏற வேண்டியவருக்கு அயலவரின் கார் பயன்படாது. பிரசாரத்தினால் மாற்றக்கூடிய மனப்பாங்காக இதனைக் கருதியோர் வீட்டுழைப்பு எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதை நோக்க மறந்தனர்.

இனி ஆசியாவுக்கு வருவோம். சிங்கப்பூர் 1975 ஜூனில் நகர மையத்துக்குக் காலை வேளையில் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 சிங்கப்பூர் டொலர் அனுமதிக் கட்டணம் விதித்தது. நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் செல்லும் கார்களுக்குக் கட்டணமில்லை. கட்டுப்பாட்டு வேளையில் நுழைந்த வாகனங்களின் தொகை 40 வீதத்துக்கு மேல் வீழ்ந்தது. கூட்டுக் கார்களும் பெருகின. ஆனால் அவற்றுட் பல, எல்லைக்கு வெளியேயுள்ள பஸ் தரிப்பிடங்களில் நின்றோரை ஏற்றித் தொகையை நிரப்பிக்கொண்டவை. 1989இல் அச்சலுகை நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் இது நிருவாகச் சிக்கலாகத் தோன்றி நிருவாக முறையிலேயே தீர்ந்தது. ஜகார்த்தாவிலோ இதே நிகழ்ச்சி வேறு வடிவம் பெற்றது.

ஜகார்த்தாப் பெருநகரப் பகுதியில் ஏறத்தாழ 3 கோடி மக்கள் வாழ்கின்றனர். சுடிர்மான், தம்ரின் ஆகிய பெருவீதிகள் அதன் வர்த்தக இதயத்தை ஊடறுத்துச் செல்கின்றன. இவ்வீதிகளிலும் இவற்றோடு தொடர்ந்த சிலவற்றிலும் நெரிசல் வேளையிற் செல்லும் கார் ஒவ்வொன்றிலும் சாரதி உட்பட மூவரேனும் இருத்தல் வேண்டும் என 1992இல் விதிக்கப்பட்டது. ‘மூவருக்கு ஒன்று’ என அது வழங்கப்பட்டது. முதலிற் காலைக்கு மட்டும் இருந்த விதி, 2004 ஜனவரியில் தனிப்பாதை பஸ் சேவை தொடங்கப்பட்டதையொட்டி மாலைக்கும் விரிவாக்கப்பட்டது. மீறுவோரைப் பொலிசார் நிறுத்தித் தண்டம் விதிப்பர்.

கட்டுப்பாட்டெல்லை தொடங்கும் சந்திகளில், விதி பிறந்ததும், புதியதொரு தொழிலும் பிறந்தது. வீதியோரம் வரிசையாக நிற்போர் விரலை உயர்த்திக் காட்டுவர். ஒரு விரல் ஒருவர் என்பதற்கு. இரு விரல் இருவர் என்பதற்கு. ஆட்குறைவான கார் நிற்கும், அவர் ஏறுவார், எல்லையைக் கடந்ததும் இறங்குவார். அவருக்கு அந்தத் திசையில் எந்த அலுவலும் இல்லை. இறங்கியபின் வந்த வழியே திரும்பி அடுத்த காருக்குக் காத்து நிற்பார். இவர்கள் ‘ஜொக்கி’கள் எனப்பட்டனர். விதியின் இறுதிக் காலத்தில் ஒரு சவாரிக்குக் கிடைத்த கூலி ஏறத்தாழ 15,000 ரூபியா, அஃதாவது ஒரு அமெரிக்க டொலருக்குச் சற்று அதிகம். வேலையற்ற இளைஞர், பாடசாலை செல்ல வேண்டிய சிறுவர், கைக்குழந்தை ஏந்திய தாய்மார் எனப் பலரும் இத்தொழிலில் ஈடுபட்டனர். கைக்குழந்தையும் விதியின் கணக்கில் ஓர் ஆள் ஆதலால் குழந்தையுடன் நிற்கும் பெண்ணுக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். அவள் உயர்த்துவது இரு விரல்.

வோஷிங்டன் பஸ் சாரதிகள் போலிப் பயணி என்று வைத்த பெயர் அங்கே பொருந்தவில்லை. அங்கு ஏறியோர் மெய்யாகவே பயணம் செய்தனர். அப்பெயருக்கு முற்றிலும் உரியவர் ஜகார்த்தாவிலே தோன்றினர். கார் பகிரப்படவில்லை. ஓர் ஏழையின் உடல், ஆசனத்தை நிரப்பும் பொருட்டு, சில நிமிடங்களுக்கு வாடகைக்கு எடுக்கப்பட்டது. இதனைப் பொருளியல் மொழியிற் கூறின், நகர மையத்துக்குள் நுழைவதற்கு மறைமுகமான ஒரு கட்டணம் உருவாயிற்று. அக்கட்டணம் திறைசேரிக்குச் செல்லாமல் நேரே வறியோர் கைக்குச் சென்றது. விந்தையான மீள்பங்கீடு இது! ஆயினும் இதனை மீள்பங்கீடு எனக் கொண்டாடுவதற்கில்லை. கொடுத்தவர் குளிரூட்டிய காரில் தம் வழியே சென்றார். வாங்கியவரையோ நகர ஒழுங்குக் காவலர் தேடிப் பிடித்துச் சமூகநல விடுதிகளுக்கு அனுப்பினர். ஒரே கொடுக்கல் வாங்கலில் ஈடுபட்ட இருவருள் ஒருவருக்கு அது வசதி. மற்றவருக்கு அது குற்றம். பிள்ளைகளை இரவல் வாங்கி வீதிக்கு வருவோர் பற்றியும் பேசப்பட்டது. 2016 மார்ச்சில், குழந்தைகளுக்கு உறக்க மருந்து கொடுத்து வீதியிற் பயன்படுத்தியதாகச் சிலரைப் பொலிசார் கைதுசெய்தனர். நகரம் அதிர்ந்தது.

அம்மாத இறுதியிலேயே ஆளுநர் பாசுக்கி ஜகாஜா பூர்ணமா விதியை இடைநிறுத்தப் போவதாக அறிவித்தார். ஏப்ரில் 5ஆந் திகதி அது இடைநிறுத்தப்பட்டது. மே 16ஆந் திகதி முற்றாக நீக்கப்பட்டது. இருபத்து நான்கு ஆண்டு பழைமையான விதி ஒரு வார அறிவித்தலுடன் மறைந்தது. ஜொக்கிகளாற் சிதைந்துபோன விதி எவ்வாற்றானும் பயனற்றது என்பதே பலரது எண்ணமாயிருந்தது. எனவே அது போனதால் வீதிகளில் மாற்றமேதும் வாராது என எதிர்பார்க்கப்பட்டது.

அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. றேமா ஹன்னா, கேப்ரியல் கிரைண்ட்லர், பெஞ்சமின் ஒல்கன் ஆகிய மூன்று ஆய்வாளர் கைத்தொலைபேசிகளின் வாயிலாகத் திரட்டப்படும் வீதி வேகத் தரவுகளைக் கொண்டு, விதி நீங்குமுன்னும் நீங்கிய பின்னும் ஜகார்த்தாவின் நிலைமையை அளந்து 2017இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். முன்பு கட்டுப்பாடிருந்த வீதிகளில், காலை நெரிசல் வேளையில், ஒரு கிலோமீற்றரைக் கடக்க 2.1 நிமிடம் எடுத்தது, அது 3.1 நிமிடமாயிற்று. மாலையில் 2.8 நிமிடம் 5.3 நிமிடமாயிற்று. மணிக்கு 21 கிலோமீற்றராயிருந்த மாலை வேகம் 11 கிலோமீற்றராக இறங்கியது. சைக்கிளோட்டியின் வேகத்திலும் குறைவானது இது. கட்டுப்பாடு என்றுமே இருந்திராத வீதிகளிலும் நேரங்களிலுங்கூட நெரிசல் மோசமடைந்தது என்பதே அவ்வாய்வின் மிக முக்கியமான முடிவு.

இதற்கான விளக்கம் கடினமானதன்று. ஜொக்கிக்குக் கொடுக்கும் கூலியும் அவரை ஏற்றிக்கொள்ளும் சிரமமும் சிறிதாயினும், அச்சிறு தடையே கணிசமானோரைத் தனிக்காரை விட்டு வேறு வழிகளை நாடச் செய்திருந்தது. சிலர் மெய்யாகவே கூட்டாகச் சென்றனர். சிலர் நேரத்தை மாற்றினர். சிலர் பஸ்ஸிற் சென்றனர். தடை நீங்கியதும் அவர்கள் காருக்கு மீண்டனர். கார்கள் பெருவீதியோடு நின்றுவிடுவதில்லை. அதனை அடையவும் அதிலிருந்து பிரியவும் பிற வீதிகளில் ஓடுகின்றன. மேலும், ஒரு வீதியில் வாகன அடர்த்தி ஓர் எல்லையைத் தாண்டுமிடத்து மணிக்கு அதனைக் கடந்து செல்லும் வாகனங்களின் தொகையே குறைந்துவிடுகின்றது. நெரிசல் நெரிசலை ஈனுகின்றது. ஊர்ந்து செல்லும் கார் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கூடுதலான எரிபொருளை எரிக்கின்றது. அப்புகையைச் சுவாசிப்போர் குளிரூட்டிய காரினுள் இருப்போரல்லர். மோட்டார்ச் சைக்கிளிலும் நடைபாதையிலும் தனிப்பாதையற்ற சிறு பஸ்களிலும் இருப்போரே.

இங்கு முற்போக்காளர் எனத் தம்மைக் கருதுவோர் ஒரு தர்மசங்கடத்துக்குள்ளாகின்றனர். சிறுவரின் உடலை வீதியில் வாடகைக்கு விடும் ஒழுங்கைக் காப்பாற்றுமாறு கேட்பது இயலாது. ஆனால் அவ்வொழுங்கை நீக்கிய முறையால் இலாபமடைந்தோர் யார்? காரோட்டி கூலி கொடுக்கும் கடப்பாட்டிலிருந்து விடுபட்டார். ஜொக்கி வருமானத்தை இழந்தார். பஸ்ஸிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் செல்லும் பெரும்பான்மையோர் நேரத்தையும் வளியையும் இழந்தனர். குழந்தைகளின் பெயரால் எடுக்கப்பட்ட முடிவு குழந்தைகளின் தாய்மாருக்கு மாற்றுத் தொழில் எதனையும் கொடுக்கவில்லை. அறத்தின் பெயரால் அகற்றப்பட்டது வறுமையன்று. வறுமை கண்ணிற் படுதலே.

விதியைத் திருத்தியிருக்கலாகாதா என்ற வினா நியாயமானது. சிறுவரை எண்ணிக்கையிலிருந்து விலக்கியிருக்கலாம். கட்டணத்தை வெளிப்படையாக அறவிட்டு, பெறப்பட்ட பணத்தை பஸ் சேவைக்கும், வேலையிழந்தோருக்கும் செலவிட்டிருக்கலாம். மின்னணு முறையில் வீதிக் கட்டணம் அறவிடும் திட்டம் அப்போதே பேசப்பட்டது. ஆனால் 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது வேறொன்று: இலக்கத் தகட்டின் இறுதி எண் ஒற்றையாயின் ஒரு நாளும் இரட்டையாயின் மறுநாளும் செல்லலாம் என்னும் விதி. இதனை ஏய்ப்பதற்கு ஜொக்கி தேவையில்லை; இரண்டாவது கார் போதும். முந்திய விதியை ஏய்க்கச் செலவிட்ட பணம் வறியவருக்குச் சென்றது; இதனை ஏய்க்கச் செலவிடும் பணம் கார் விற்பனையாளருக்குச் செல்கின்றது. இதே காலத்தில், 2014 டிசம்பர் முதல், தம்ரின் வீதியில் மோட்டார்ச் சைக்கிள்கள் செல்வதே தடுக்கப்பட்டிருந்ததையும், உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பினாலேயே 2018இல் அத்தடை நீங்கியதையும் சேர்த்து நோக்கினால், வீதியில் எவருக்கு இடம் என்ற வினாவுக்கு நகரம் அளித்த விடை ஓரளவு தெளிவாகும். 2019 மார்ச்சில் அதே சுடிர்மான், தம்ரின் வீதிகளின் கீழாகச் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. கூட்டுப் பயணத்தைத் தூண்ட வேண்டிய தேவையைக் குறைக்கும் உண்மையான முயற்சி அதுவெனக் கொள்ளலாம். ஆனால் முதல் விதிக்கும் முதல் ரயிலுக்கும் இடையே 27 ஆண்டுகள் கழிந்தன.

இலங்கையில் இவ்விடயம் எவ்வாறுள்ளது என வாசகர் கேட்கக்கூடும். கூட்டுப் பயணம் இங்கு பிரசாரத்தினால் வந்ததொன்றன்று. நீர்கொழும்பிலிருந்தும் கம்பகாவிலிருந்தும் பாணந்துறையிலிருந்தும் கொழும்புக்கு மாதக் கட்டணத்தில் ஓடும் அலுவலக வான்களும், எல்லா நகரங்களிலும் ஓடும் பாடசாலை வான்களும் பஸ், ரயில் சேவைகளின் போதாமையிலிருந்து தாமாகத் தோன்றியவை. 2022இல் அந்நியச் செலாவணி இன்மையால் எரிபொருள் அற்றுப்போனபோது, ஜூலையில் நடைமுறைக்கு வந்த பங்கீட்டின்படி ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றருமே முதலிற் கிடைத்தன. அப்போது அயலவருடன் காரைப் பகிர்ந்தோர் அதனைச் சூழற் கொள்கையாகக் கருதிச் செய்யவில்லை. பங்கீடு 2023 செப்டெம்பரில் நீங்கியது.

அலுவலக வானில் இடம்பெறுபவர் யார் என்று பார்த்தால் ஜகார்த்தாவிற் கண்ட வினா வேறு உருவில் எழுகின்றது. அந்த வானுக்குப் பொருத்தமானவர் மாதச் சம்பளம் பெறுபவர். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை நாலரைக்கு முடியும் வேலையிலிருப்பவர். மாதத் தொடக்கத்திலேயே பணம் செலுத்தக்கூடியவர். நெரிசலில் தொல்லைக்குள்ளாகாமல் ஓர் ஆசனத்தில் அமர்ந்து செல்லலாம் என்பதற்காகவே பல பெண்கள் பஸ் கட்டணத்திலும் கூடிய தொகையைக் கொடுத்து இதில் இடம்பிடிக்கின்றனர். இது சிறிய நன்மையன்று. ஆனால் குரலெழுப்பக்கூடிய இந்தப் பயணிகள் வானுக்கு மாறியதும், பொது பஸ்ஸின் குறைகளைக் கேட்பார் குறைந்துவிட்டனர். இரவில் வேலை முடிக்கும் வைத்தியசாலைச் சிற்றூழியரும், இன்று வேலை உண்டா என்பதைக் காலையிலேயே அறியும் நாட்கூலியாளரும், வீடுகளுக்குச் சென்று துப்புரவு செய்யும் பெண்களும் எந்த வானின் நேரசூசிக்குள்ளும் அடங்குவதில்லை. வாகனப் பகிர்வை ஊக்குவிக்கும் எத்திட்டமும், அது கைத்தொலைபேசியினூடாக வந்தாலும் தனிப்பாதையாக வந்தாலும், முதலில் இவர்கள் நிற்கும் பஸ் தரிப்பிடத்திலிருந்தே அளக்கப்படல் வேண்டும்: திட்டத்துக்கு முன் அங்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்தது, திட்டத்துக்குப் பின் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகின்றது என்று.